திரும்பி வந்த காப்பு: ஒரு வெள்ளி வியாபாரியின் நாட்குறிப்பு

3 நவம்பர் 2025, திங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து இணையம் வழியே வெள்ளி நகை விற்கிறேன். திருப்பி அனுப்பப்படும் நகையில் பொருள் மாறி வருகிறது என்று என்னைப் போன்ற சிறு விற்பனையாளர்கள் பலர் வருந்துகிறார்கள். என் கைக்கு வந்திருக்கும் ஒரு பொருளை முன்வைத்து, நடப்பதை நடக்க நடக்க இங்கே எழுதுகிறேன்.

இன்று பிற்பகல் ஆண்கள் அணியும் கெட்டி வெள்ளிக் காப்பு ஒன்று ‘அளவு பொருந்தவில்லை’ என்ற காரணத்துடன் திரும்பி வந்தது. வழக்கம்போல உறையின் எல்லாப் பக்கங்களையும், ஒட்டியிருந்த டேப்பையும், பிரிப்பதையும், தராசில் வைப்பதையும் இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்தேன். அனுப்பிய அன்று எடை 42.580 கிராம், இன்று 42.310 கிராம். ஒரு வாரம் அணிந்ததால் கெட்டிக் காப்பு 270 மில்லிகிராம் தேய்ந்துவிடாது. வடிவமும் முனைகளில் உள்ள வேலைப்பாடும் அச்சு அசலாக இருந்தன. உட்புறத்தில், 92.5 சதவீத வெள்ளி என்பதைக் குறிக்கும் 925 என்ற முத்திரையும் இருந்தது. ஆனால் எங்கள் பட்டறையின் முத்திரை அச்சில் 5 என்ற எண்ணின் மேற்கோட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு பிசிறு உண்டு. உருப்பெருக்கியில் எவ்வளவு நேரம் பார்த்தும் அந்தப் பிசிறு இதில் தென்படவில்லை.

4 நவம்பர், செவ்வாய்

காலையிலேயே சவுகார்பேட்டைக்குப் போனேன். தங்கசாலைத் தெருவை ஒட்டிய சந்தில் உள்ள பட்டறையில்தான் எங்கள் காப்புகளைச் செய்கிறார்கள். பத்தர் ஐயா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நம்ம கை வேலை இல்லம்மா” என்றார். அவர் சொல் எனக்குப் போதும். விற்பனைத் தளத்துக்குப் போதாது. ஆகவே சோதனைகளையும் பதிவு செய்தோம்.

முதலில் அடர்த்தி. காப்பை நூலில் கட்டி, தராசின் மேல் வைத்த தண்ணீர்க் குவளைக்குள் பக்கத்திலும் அடியிலும் படாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட்டால், குவளையின் எடை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கிராம் தண்ணீரைக் காப்பு விலக்கியிருக்கிறது என்று பொருள். காப்பின் எடையை அந்த அளவால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். தூய வெள்ளிக்கு 10.49, செம்பு கலந்த 92.5 வெள்ளிக்கு ஏறத்தாழ 10.36. இந்தக் காப்பு 4.87 கிராம் கூட்டியது, வகுத்தால் 8.69. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த ஜெர்மன் சில்வரின் அடர்த்தி அந்த அளவில்தான் இருக்கும். பெயரில் சில்வர் இருந்தாலும் அதில் வெள்ளி துளியும் கிடையாது. இந்தச் சோதனை உள்ளே காற்றில்லாத கெட்டி நகைக்கு மட்டுமே பொருந்தும். குழாய் வளையலிலும் சலங்கை வைத்த கொலுசிலும் காற்று நின்றுவிட்டால் நல்ல வெள்ளியும் குறைந்த அடர்த்தியைக் காட்டும் என்பதைப் புதியவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து உரைகல். மேலே வெள்ளி முலாம் இருக்கக்கூடும் என்பதால் உட்புறத்தில் அரத்தால் சிறிது தேய்த்துவிட்டு, அந்த இடத்தைக் கல்லில் இழுத்தார். பக்கத்திலேயே எங்கள் நகை ஒன்றையும் இழுத்தார். இரண்டு கோடுகளின் மேலும் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு, பிறகு உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு. எங்கள் வெள்ளி இருந்த இடத்தில் பால் திரிந்ததுபோல் வெள்ளை படர்ந்தது. அதுதான் வெள்ளிக் குளோரைடு. மற்றதில் பச்சை சாயல் மட்டும் தெரிந்தது.

6 நவம்பர், வியாழன்

என்னிடம் திரும்பி வந்தது நான் அனுப்பிய பொருள் அன்று என்பது உறுதி. மாற்றியவர் யார் என்பது எனக்குத் தெரியாது. காப்பு வாங்கியவர் கையில் இருந்தது. அவரிடமிருந்து உறையைப் பெற்றுக்கொண்ட ஊழியரிடம் இருந்தது. இடையில் கிடங்கிலும் வண்டியிலும் இருந்தது. இறுதியாக எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தவரிடம் இருந்தது. எடையும் வடிவமும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த போலி என்பதால் அசலை நிதானமாகப் பார்த்துச் செய்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தை வைத்து ஒருவரைத் திருடர் என்று எழுத எனக்கு உரிமையில்லை. வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் வெளியிட்டு மற்ற விற்பனையாளர்களை எச்சரிக்கும்படி இருவர் சொன்னார்கள். அதைச் செய்ய மாட்டேன். அவர் குற்றமற்றவராக இருந்தால், அந்த அவமானத்தை எந்தத் தொகையாலும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது.

10 நவம்பர், திங்கள்

நான் கேட்ட இழப்பீட்டை விற்பனைத் தளம் நிராகரித்துவிட்டது. ‘திரும்பி வந்த பொருள் படத்தில் உள்ளதைப் போலவே இருக்கிறது’ என்கிறார்கள். உண்மைதான், படத்தில் உள்ளதைப் போல இருக்க வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். நகையைப் படத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்யும் முறை துணிக்கும் செருப்புக்கும் போதுமானதாக இருக்கலாம், உலோகத்துக்குப் போதாது.

மேல்முறையீட்டில் பக்கம் பக்கமாக மனக்குறையை எழுதவில்லை. அனுப்பிய அன்றைய எடை வீடியோ, பெற்ற அன்றைய எடை வீடியோ, இரண்டு முத்திரைகளின் உருப்பெருக்கிய படங்கள் அருகருகே, அடர்த்திக் கணக்கு, பத்தர் ஐயாவின் கையொப்பமிட்ட குறிப்பு ஆகியவற்றை மட்டும் இணைத்தேன். வீடியோக்களின் மூலக் கோப்புகளை அழிக்காமல் வைத்திருக்கிறேன். நீதிமன்றம் வரை போக நேர்ந்தால், மின்னணுப் பதிவுக்கு, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போன நகலை நம்பி மூலத்தை இழந்துவிடக் கூடாது.

14 நவம்பர், வெள்ளி

இன்றைய செய்தியை விரிவாகவே எழுத வேண்டும். சில நாட்களுக்கு முன்பு அரக்கோணத்திலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். மகளின் வளைகாப்புக்காக வாங்கிய கொலுசு கறுத்துவிட்டது, இது வெள்ளியே இல்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது. இந்த மாதம் நடந்ததை வைத்துப் பார்த்தால் சந்தேகப்படுவது எளிது. என் குரலில் தயக்கத்தை உணர்ந்தாரோ என்னவோ, “நாங்க ஏமாத்துறவங்க இல்லம்மா” என்றார். கொலுசை அனுப்பச் சொன்னேன். அது இன்று வந்தது.

எடை சரியாக இருந்தது. முத்திரையில் அந்தப் பிசிறு இருந்தது. கறுப்பு கொலுசு முழுவதும் பரவியிருக்கவில்லை; இரண்டு கொலுசுகளிலும் ஒரே உயரத்தில், விரற்கடை அகலத்தில், பட்டையாகப் படிந்திருந்தது. எப்படி எடுத்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். ஜோடி பிரியாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டுப் பீரோவில் வைத்திருந்தாராம். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். அது பட்ட இடத்தில் வெள்ளி சல்பைடு படிந்து கறுத்துவிடும். மெருகு போட்டதும் பளிச்சென்று ஆகிவிட்டது. கட்டணம் வாங்கவில்லை. கறுப்பது வெள்ளியின் இயல்பு என்பதையும், ரப்பர் படாமல் காற்றுப் புகாத உறையில் வைக்க வேண்டும் என்பதையும் விளக்கினேன். அந்தக் குறிப்பு இனி ஒவ்வொரு உறைக்குள்ளும் அச்சிட்டுப் போகும்.

எடையும் முத்திரையும் எனக்கு மட்டும் சாட்சி சொல்வதில்லை. அந்த அம்மாளின் நேர்மைக்கும் அவைதான் சாட்சி சொல்லின.

20 நவம்பர், வியாழன்

கார்த்திகை முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டதால், ஒரு நாள் அணிந்துவிட்டுத் திருப்பி அனுப்புவதும் தொடங்கிவிட்டது. இன்று வந்த நெற்றிச்சுட்டியின் கொக்கியில் சந்தனம் காய்ந்திருந்தது. அணியாமல் திருப்ப வேண்டும் என்று விற்பனை விவரத்திலேயே தெளிவாக எழுதி, கொக்கியில் அறுத்தால் தெரியும் பூட்டுச்சீட்டு போட்டால் இது பெருமளவு குறையும். ஆனால் சீட்டு அறுந்ததைக் காட்டி எல்லாவற்றையும் மறுத்துவிட முடியாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரத்துக்கு மாறானதாகவோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. அது நியாயமான விதி. அதைத் தளர்த்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

புதிதாகச் செய்த காப்புகளை ஹால்மார்க் மையத்துக்கு அனுப்பியிருக்கிறேன். தங்கத்துக்கு இருப்பதைப் போலவே வெள்ளிக்கும் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாக ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. எண் தரும் முறை இவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் வந்துள்ளது. வெள்ளிக்கு அது கட்டாயமில்லை, விரும்பினால் பெறலாம். அந்த எண்ணை, ஹால்மார்க் முறையை நடத்தும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் வாங்குபவரே சரிபார்க்கலாம். பில்லிலும் அந்த எண்ணை எழுதிவிட்டால், அனுப்பியது இதுதானா என்ற கேள்விக்கு முத்திரையின் பிசிறை நம்பியிருக்க வேண்டாம்.

24 நவம்பர், திங்கள்

காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது பெற்றேன். வாங்கியவரைக் குற்றம் சாட்டாமல், பொருள் எங்கெங்கே யார் யார் கையில் இருந்தது என்பதை வரிசைப்படுத்தி, ‘அடையாளம் தெரியாத நபர்’ மாற்றியதாகவே எழுதினேன். ஏமாற்றுதல், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 318ஆம் பிரிவில் வருகிறது. அது பொருந்துமா, யாருக்குப் பொருந்தும் என்று பார்ப்பது விசாரிப்பவர்களின் வேலை.

28 நவம்பர், வெள்ளி

மேல்முறையீடு ஏற்கப்பட்டது. காப்பின் விலை என் கணக்கில் வரவு வைக்கப்பட்டுள்ளது. போக வர ஆன அனுப்புச் செலவு கிடைக்கவில்லை. எந்த ஆதாரத்தை ஏற்றார்கள் என்று அவர்கள் எழுதவில்லை. அடுத்தவருக்கு அது உதவும் என்பதால் கேட்டிருக்கிறேன்.

அதே கடிதத்தில் இன்னொரு கோரிக்கையும் வைத்தேன். நகையைத் திரும்பப் பெறும் ஊழியர், வாங்கியவர் கண்முன்னே அதைச் சிறு மின்தராசில் வைத்து, எடை தெரியும்படி படமெடுத்து, எண்ணிட்ட பையில் அங்கேயே ஒட்டி முத்திரையிட வேண்டும். அப்படிச் செய்தால் பொருள் எந்தக் கையில் மாறியது என்பது தெரிந்துவிடும். மாற்றாதவர் மீது சந்தேகம் விழாது. எங்கள் பகுதியில் நகைக்கு மட்டுமாவது ஒரு மாதம் இதை நடத்திப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். அவர்கள் பதில் வந்ததும் அதையும் இங்கே எழுதுகிறேன்.