கமலாம்பாள் சன்னதியில் ஆகிரி

அத்தைக்குத் தைராய்டு ஆபரேஷன் என்றதும் வீட்டில் எல்லாருமே ஆடிப்போனோம். குரல் பழையபடி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை மஞ்சள் துணியில் காசை முடிந்து வைத்து, "குரலைத் திருப்பிக் கொடு, உன் சன்னதியில வந்து நவாவரணம் பாடறேன்" என்று திருவாரூர் கமலாம்பாளிடம் வேண்டிக்கொண்டார். நவாவரணம் என்பது முத்துசாமி தீட்சிதர் அந்த அம்பாள் மேல் பாடிய ஒன்பது கீர்த்தனைகள். நவராத்திரிக்கு நவராத்திரி தீட்சிதரைப் பாடியே வளர்ந்தவருக்கு வேறு யாரைத் தோன்றும்?

குரல் வந்தது. கிளம்பினோம்.

ரயில் வைத்தீஸ்வரன்கோவிலைத் தாண்டும்போது அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். முத்துசாமி தீட்சிதரின் அப்பா, ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கிய ராமசுவாமி தீட்சிதர், பிள்ளை வரம் கேட்டு விரதமிருந்தது அங்கேதான். 1775இல் திருவாரூரில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கோவில் முருகனான முத்துக்குமாரசுவாமியின் பெயரையே வைத்தார். அப்பாவிடம் பாட்டு, பிறகு சிதம்பரநாத யோகியோடு காசிவாசம், அங்கே காதில் விழுந்த துருபத் என்னும் வடநாட்டுப் பாட்டு, கங்கையில் கிடைத்த வீணை, திருத்தணியில் முருகன் வாயில் போட்ட கற்கண்டு என்று மயிலாடுதுறை வரும்வரை அத்தை சொல்லிக்கொண்டே வந்தார். சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்கள் வாசித்த பேண்டு மெட்டுக்குக்கூட சமஸ்கிருதத்தில் சாமி பாட்டு எழுதியவராம். என் பெண் பாட்டு கிளாஸில் முதலில் கற்றுக்கொண்ட 'சக்தி சஹித கணபதிம்' அந்த ரகம்தான்.

மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. வெள்ளிக்கிழமை வேறு. அத்தையின் முழங்கால் வலிக்கு ஒரு புண்ணியவான் எழுந்து இடம் கொடுத்தார், நன்றாயிருக்கட்டும்.

திருவாரூர்க் கோவில் குளமான கமலாலயத்தின் கரையில் இறங்கியதுமே ஒருவர் ஒட்டிக்கொண்டார். "ஐநூறு கொடுங்க, அம்பாளுக்குப் பக்கத்துலயே நிக்க வைக்கிறேன்." வேண்டாமென்றால் விடுவதாயில்லை. பூக்காரம்மா பாதி விலை சொல்லி மாலையைக் கையில் திணித்துவிட்டு, அப்புறம் முழு விலை கேட்டார். சாமி வாசலில் எதற்குச் சண்டை என்று கொடுத்துவிட்டு நடந்தேன். வன்மீகநாதர், தியாகேசர் எல்லாம் நெரிசலோடு நெரிசலாகத் தரிசனம். பிராகாரக் கல் அந்த நேரத்துக்கே சுட ஆரம்பித்துவிட்டது.

கமலாம்பாள் முன்னால் வந்து நின்றோம். கால்மேல் கால் போட்டு யோகத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பார்த்ததும் எனக்கே தொண்டை அடைத்தது. "ஒன்பதும் பாட இங்கே யார் விடப்போறா? ஒன்பதாவதைப் பாடறேன். சமஸ்கிருத இலக்கணத்தோட எட்டு வேற்றுமையும் அதுக்குள்ளேயே வந்துடும்" என்றார் அத்தை. ஒன்பதாவது ஆகிரி ராகம். அதைக் காலையில் பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்பார்களே என்று முணுமுணுத்தேன். "பட்டினி கிடந்தா கிடக்கட்டும்டி."

போனில் தம்புராவை வைத்தேன். 'ஸ்ரீ கமலாம்பா ஜயதி' என்று எடுத்தபோது குரல் பிசிறியது. நிறுத்தி, எச்சில் விழுங்கி, சுருதியை ஒரு கட்டை இறக்கி மறுபடி எடுத்தார். பின்னாலிருந்து "நகருங்கம்மா, நகருங்க" என்று தோளில் இடி. ஆகிரி நகருமா? அதுவும் தீட்சிதர் ஆகிரி! அந்த நிதானம் காசியில் கேட்ட துருபத் தந்தது என்பார்கள். இருக்கலாம். ஆனால் இந்த அம்பாள் முன்னால் நின்றால் யாருக்கு அவசரமாகப் பாட வரும்? குருக்கள் ஒன்றும் சொல்லாமல் எங்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, "பாடுங்கோ மாமி" என்றார். சரணத்தில் மேலே போகும் இடத்தில் அத்தையின் கழுத்துத் தழும்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குரல் எட்டியது. தாயே, எட்டியது! அதற்குமேல் எனக்கு வரிசையும் தெரியவில்லை, இடித்தவர்களும் தெரியவில்லை. அழுதுகொண்டே கும்பிட்டேன். கற்பூரத் தட்டு எப்போது வந்தது, யார் குங்குமம் கொடுத்தார்கள், ஒன்றும் நினைவில்லை. இந்தக் குரலுக்கு என்ன கைம்மாறு செய்வேன், அம்மா!

மஞ்சள் முடிச்சு உண்டியலில் சேர்ந்தது. மதியம் அன்னதானத்தில் சுடச்சுட சாம்பார் சாதம். "ஆகிரி பாடியும் சோறு போட்டாளே பாரு" என்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார் அத்தை. மீதி எட்டையும் நவராத்திரிக்கு வந்து பாடுவதாகச் சன்னதியிலேயே சொல்லிவிட்டாராம். எனக்கு இப்போதே ரயில் டிக்கெட் கவலை.