விசை சமம் என்று சொன்ன பிறகு

ஏற்காட்டிலிருந்து சில்வர் ஓக் மரம் ஏற்றி இறங்கிய லாரியும் கீழிருந்து ஏறிய காரும் கொண்டை ஊசி வளைவொன்றில் நேருக்கு நேர் மோதிய விபத்தில், காப்பீட்டு சர்வேயராக நான் எழுதிய அறிக்கையில் எனக்குக் குழப்பமில்லை. கோரிமேட்டு ஒர்க்‌ஷாப்பில் நான் சொன்ன ஒரு வாக்கியம்தான் உறுத்துகிறது.

காறை எலும்பு முறிந்து கட்டுடன் நின்ற காரின் உரிமையாளர், "லாரிக்கு பம்பர் மட்டும்தான் வளைஞ்சிருக்கு. எங்களை எவ்வளவு பலமா அடிச்சிருக்கணும், பாருங்க சார்" என்றார். "அப்படி இல்லீங்கம்மா, லாரி உங்க கார் மேல கொடுத்த விசையும் உங்க கார் லாரி மேல கொடுத்த விசையும் ஒண்ணுதான்" என்றேன். சமரசம் பேச வந்திருந்த லாரித் தரப்பு ஆள் உடனே, "தப்பு சரிபாதின்னு சாரே சொல்லிட்டார்" என்றார். நான் தவறைப் பற்றிப் பேசவில்லை என்று மறுத்தும், அந்த அம்மா அதன்பின் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் சொன்னது நியூட்டனின் மூன்றாம் விதி. கார் 1,000 கிலோ, சுமையுடன் லாரி 9,000 கிலோ, இரண்டும் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தன என்று கொண்டால், மோதி ஒட்டிக்கொண்டபின் இரண்டும் லாரி வந்த திசையிலேயே நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நகரும். உந்தத்தில், அதாவது நிறையைத் திசைவேகத்தால் பெருக்கி வரும் அளவில், ஏற்படும் மாற்றம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் லாரியின் திசைவேகம் நொடிக்கு 1 மீட்டர் மட்டும் மாற, காரின் திசைவேகம் 9 மீட்டர் மாறுகிறது. மோதல் 0.1 நொடி நீடித்தால், 60 கிலோ நிறையுள்ளவரைக் காரின் சீட் பெல்ட் சராசரியாக 5,400 நியூட்டன் விசையுடன் பிடித்து நிறுத்த வேண்டும்; லாரியில் 600 போதும். முன்பகுதி மடிந்து நசுங்கி அந்த நேரத்தை நீட்டியதால்தான் எலும்பு முறிவோடு போயிற்று.

வலியோடு நிற்பவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் விடுவதும் நியாயமாகப் படவில்லை: ஓட்டுநர் எவ்வளவு கவனமாக இறங்கியிருந்தாலும் இந்த வேகத்தில் கார் இப்படித்தான் நசுங்கியிருக்கும், சேதத்தை வைத்து அவரைக் குற்றவாளியாக்க முடியாது. அதே சமயம், தாராளமாகக் கடக்க இடமில்லாத மலைச்சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதி அந்த அம்மாவுக்குத் துணையாக இருந்தது. தவறைத் தீர்மானிப்பது தீர்ப்பாயத்தின் வேலை என்பதால் அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இயற்பியலை மட்டும் சொன்னேன், அது ஒரு தரப்புக்கு மட்டும் பயன்பட்டது.

இப்போது கேட்பவர்களிடம் திசைவேக மாற்றத்தை முதலில் சொல்லி, விசை சமம் என்பதைப் பிறகு சொல்கிறேன். அது வெறும் வரிசை மாற்றமா, அடிபட்டவர் பக்கம் சாய்வதா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.