407 டீசல் டேங்கில் தண்ணீர்: அது வந்த வழி

ஐப்பசி மழை பிடித்ததும் என் டாடா 407 மினி லாரி மறுபடியும் வெள்ளைப் புகை கக்க ஆரம்பித்தது. ஸ்டார்ட் ஆகிறது. ஐடிலில் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிக்கிறது. பாலம் ஏறும்போது திணறுகிறது, சமதளம் வந்ததும் ஒழுங்காக ஓடுகிறது. ஃபெஞ்சல் புயல் வெள்ளத்துக்குப் பிறகு பார்த்த அதே அறிகுறிகள். ஆனால் இந்த முறை எங்கள் தெருவில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் நிற்கவில்லை. வெள்ளம் இல்லாமல் டேங்குக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்று தெரியும்வரை வண்டியைக் கடலூரைத் தாண்டி எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

இது வாடகைக்கு ஓடும் வண்டி இல்லை. ஓய்வு நேரத்தில் நானே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வரும் பழைய வண்டி. மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் தெளிக்கும் காமன் ரெயில் முறைக்கு முந்தைய எஞ்சின், சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் மைக்கோ இன்லைன் பம்பு. டேங்கில் இருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பு, அங்கிருந்து துணி ஃபில்டர், பேப்பர் ஃபில்டர், பிறகு இன்லைன் பம்பு, கடைசியில் சிலிண்டருக்குள் தூவும் நாசில். இவ்வளவுதான் பாதை. எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.

போன முறை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் புயலைவிட அதிகம் படுத்தியது அதற்குப் பின்னால் வந்த தண்ணீர்தான். சாத்தனூர் அணையில் திறந்துவிட்டது தென்பெண்ணை வழியாக இறங்கி, கடலூரை ஒட்டிய குண்டு உப்பலவாடி பக்கமெல்லாம் ஏறி நின்றது. வண்டி அப்போது அங்கே சித்தப்பா தோப்பில் இருந்தது. டேங்க் மூடியைத் தாண்டித் தண்ணீர் நின்ற கறை தெரிந்ததால் சாவியையே தொடவில்லை. டேங்கை வடித்து, ஃபில்டர் இரண்டையும் மாற்றி, லைன்களைக் கழுவி, புது டீசல் ஊற்றித்தான் ஓட்டினோம். அன்றைக்கு வந்தது வண்டல் கலந்த செம்மண் தண்ணீர். கோடை முழுக்க வண்டி அருமையாக ஓடியது.

இப்போது வந்தது வேறு மாதிரி. சாயந்திரம் வண்டியை, டேங்கை வடிக்க அடியில் வைத்த டிரெய்ன் பிளக் இருக்கும் பக்கம் சற்றே தாழும்படி நிறுத்தி, ராத்திரி முழுக்க அசைக்காமல் விட்டேன். இதில் அவசரம் கூடாது. டீசல் ஒரு லிட்டர் சுமார் 820 முதல் 845 கிராம் வரை இருக்கும், தண்ணீர் ஒரு கிலோ. எடை வித்தியாசம் கொஞ்சம்தான் என்பதால் ஓட்டத்தில் கலங்கிப்போன சிறு துளிகள் அடியில் இறங்கப் பல மணி நேரம் ஆகும். வண்டி வந்து நின்ற சூட்டோடு பிளக்கைத் திறந்தால் கலங்கல் டீசல்தான் வரும், தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும்.

காலையில் பிளக்கை லேசாகத் தளர்த்தி கண்ணாடி ஜாடியில் பிடித்தேன். முதலில் வந்தது முழுக்கத் தண்ணீர், கிட்டத்தட்ட 400 மில்லி. துருவின் பழுப்பு நிறம் இருந்தது, சேறு இல்லை. அதற்குப் பிறகு வந்த டீசல் புகை மூட்டமாக இருந்தது. டீசல் தெளிவாக இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்த்து நம்புவதில்லை நான். கேசரிக்குப் போடும் கலர் பவுடரை ஒரு சிட்டிகை தூவுவேன். அந்தக் கலர் டீசலில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். தண்ணீர் இல்லாத டீசலில் பவுடர் அப்படியே அடியில் போய் உட்காரும். தண்ணீர் இருந்தால் ஜாடியின் அடியில் ஆரஞ்சு முத்துகள் உருளும். பங்க்கில் மட்டம் அளக்கும் கம்பியில் (டிப் ராட்) தடவிப் பார்க்கும் பேஸ்ட் கிடைத்தால் இன்னும் நல்லது, தண்ணீர் பட்ட இடம் நிறம் மாறிக் காட்டிவிடும்.

பாலம் ஏறும்போது மட்டும் திணறியதற்கும் இங்கேதான் விடை. டேங்குக்குள் உறிஞ்சு குழாய் அடித்தகட்டைத் தொடாமல் கொஞ்சம் மேலே நிற்கிறது. அந்த மட்டத்துக்குக் கீழே தேங்கும் தண்ணீர் சமதளத்தில் குழாய்க்குள் போகாது. வண்டி சாயும்போதும் பிரேக் அடிக்கும்போதும் அலைந்து குழாய் வாய்க்கு வரும். ஆகவே வண்டி முதல் தடவை திணறும்போது தண்ணீர் அந்த எல்லைவரை சேர்ந்தாகிவிட்டது என்று அர்த்தம்.

எங்கிருந்து வந்தது? ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

முதல் சந்தேகம் பங்க் மேல். கடலூர்க்காரர்கள் பலர் முள்ளோடை தாண்டி புதுச்சேரி எல்லைக்குள் போய் டீசல் போடுவோம், அங்கே விலை குறைவு. "விலை கம்மின்னா சரக்கும் கம்மிதான்" என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னார். அது நியாயமில்லாத பேச்சு. விலை குறைவதற்குக் காரணம் இரண்டு அரசுகளும் போடும் வரியில் உள்ள வித்தியாசம். டீசல் அதே எண்ணெய் நிறுவனங்களுடையது. இருந்தாலும் சந்தேகத்தை வாயால் தீர்க்க வேண்டாம் என்று, நான் வழக்கமாகப் போடும் பங்க்கிலேயே ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி வைத்தேன். மறுநாள் அடியில் ஒரு துளி இல்லை. கேசரிப் பவுடரும் கரையவில்லை.

இரண்டாவது காரணத்தைச் சொன்னவர் என் மெக்கானிக் அண்ணன். அவர் கை பட்ட எஞ்சின்கள் ஏராளம், அவர் பேச்சை நான் லேசில் தள்ளுவதில்லை. "தம்பி, நம்ம ஊரு கடல் காத்து. பாதி டேங்கோட ராத்திரி நிறுத்துனா உள்ள வேர்த்துத் தண்ணி நிக்கும். எப்பவும் ஃபுல்லா வெச்சிக்க." இதை எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பி இருந்தேன். ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

30 டிகிரியில் ஈரம் நிரம்பி நிற்கும் காற்று, ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் தண்ணீரைத் தாங்கும். 24 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 22 கிராம். என் டேங்க் பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்று 30 லிட்டர். அப்படியானால் ஒரு ராத்திரிக்கு உள்ளே படியக்கூடியது கால் கிராம். டேங்குக்குள் இருக்கும் ஈரம் முழுக்கப் படிந்தாலும் ஒரு கிராம் தேறாது. எஞ்சின் பக்கமிருந்து டேங்குக்குத் திரும்பி வரும் சூடான டீசலில் கரைந்திருக்கும் ஈரம் குளிர்ந்ததும் பிரியும், அதுவும் சொற்பம்தான். 400 மில்லி சேரக் கால் கிராம் கணக்கில் நான்கு வருஷத்துக்கு மேல் ஆகும். எனக்கு அது ஒரே மழைக்காலத்தில் சேர்ந்திருக்கிறது. டேங்கை நிரப்பி வைப்பது நல்ல பழக்கம், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு தண்ணீருக்குக் காற்று காரணமில்லை. எங்கோ ஓட்டை இருக்கிறது. கணக்கை அண்ணனிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேப்பரைப் பார்த்துவிட்டு, "அப்ப டேங்க்க எறக்கு" என்றார்.

இறக்குவதற்கு முன் இன்னொன்று செய்து பார்த்தேன். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வீட்டில் ஆர்ஓ தண்ணீர் பார்க்க வாங்கிய டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது. ஜாடியின் அடியில் இருந்து தண்ணீரை மட்டும் ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, துணியில் வடிகட்டி, மீட்டர் முனையில் டீசல் படலம் ஒட்டாமல் பார்த்து அளந்தேன். 90 சொச்சம் காட்டியது. எங்கள் போர் தண்ணீர் 1400. நான் வண்டி கழுவுவது போர் தண்ணீரில்தான். கழுவும்போது மூடி வழியாக இறங்கியிருந்தால் எண் அந்தப் பக்கம் போயிருக்கும். மொட்டை மாடியில் பாத்திரம் வைத்துப் பிடித்த மழைத் தண்ணீர் 20 காட்டியது. துருப்பிடித்த இரும்பு டேங்கில் வாரக்கணக்கில் கிடந்த மழைத் தண்ணீர் 90 காட்டுவதில் ஆச்சரியம் இல்லை. ஆக, டேங்குக்குள் இறங்கியது மழை.

அதை வைத்துத்தான் டேங்கை இறக்கினேன். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து இறுகி இருந்தாலும் வெடிக்கவில்லை. மூடி கழுத்திலும் குறை தெரியவில்லை. டேங்கைச் சேஸிஸோடு கட்டிப் பிடிக்கும் இரும்புப் பட்டையை எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே வைத்த பழைய பேக்கிங் மழைத் தண்ணீரைக் குடித்து ஈரமாகவே கிடந்திருக்கிறது. அதன் கீழே, டேங்கின் மேல் முகத்தில், தகடு அரித்து இலை நரம்பு மாதிரி ஆகியிருந்தது. டேங்கின் வாய்களை எல்லாம் அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாகக் கொஞ்சம் காற்று கொடுத்து, சோப்புத் தண்ணீர் பூசினேன். பட்டை இருந்த கோட்டில் வரிசையாகக் குமிழி. இதற்குக் கம்ப்ரஸர் வைக்க வேண்டாம். மெல்லிய தகடு பிளந்துவிடும்.

இந்த மாதிரி ஓட்டை வருஷக்கணக்கில் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அடியில் ஓட்டை விழுந்தால் டீசல் சொட்டும், அன்றைக்கே கவனிப்போம். மேல் முகத்தில் விழும் ஓட்டை டீசலை வெளியே விடாது, மழையை மட்டும் உள்ளே விடும். முழு டேங்க் போட்டுக் குலுங்கினால் பட்டை ஓரத்தில் லேசாக ஈரம் கசியலாம். அதைத் தூசி மூடிவிடும். போன வருஷ வெள்ளத்திலேயே இந்த வழியாகவும் தண்ணீர் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எல்லாப் பழியும் வெள்ளத்தின் மேல் போனதால் யாரும் பட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

டேங்கின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் அடித்தகட்டில் கருப்பாகச் சளி போல ஒரு படலம். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். தண்ணீர் இல்லாமல் அவை வாழாது. அவை வெளிவிடும் அமிலம் தகட்டை அரிக்கும், படலம் பிய்ந்து வந்து உறிஞ்சு குழாயின் சல்லடையை அடைக்கும். என் சல்லடையில் பாதி அடைத்திருந்தது. கழுவிய சின்ன ஜல்லி இரண்டு கை, இரண்டு லிட்டர் டீசல் போட்டு டேங்கைக் கோணிச் சாக்கின் மேல் உருட்டினேன். கருப்பு நின்று டீசல் அதன் நிறத்திலேயே வரும்வரை இதே வேலை. பிறகு வாயைத் திறந்து வெயிலில் காய வைத்தேன். கழுவிய கழிவைச் சாக்கடையில் விடாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிட்டேன். ஒரு தெருவின் மழைநீர் வாய்க்காலைக் கெடுக்க அந்த ஒரு கேன் போதும்.

ஓட்டையை நானே பற்றவைக்க முயலவில்லை. செய்பவர்களுக்கும் சொல்கிறேன், வேண்டாம். காலி டேங்கில் ஒட்டியிருக்கும் டீசல் பற்றவைக்கும் சூட்டில் ஆவியாகி வெடிக்கலாம். பழக்கப்பட்ட ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்தேன். அவர்கள் வெந்நீர் நிரப்பி, ஆவி விட்டுக் கழுவி, அரித்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பித்தளையில் பற்றினார்கள். மறுபடி சோப்புத் தண்ணீர் பூசிப் பார்த்தேன், குமிழி இல்லை. பட்டைக்குக் கீழே சணல், துணி எதுவும் வைக்காமல், தண்ணீர் உறிஞ்சாத கட்டி ரப்பரை இடைவெளி விட்டு ஒட்டினேன். மழை பெய்தால் வழிந்து ஓட வேண்டும், தங்கக்கூடாது.

நாசில் நான்கையும் புதுச்சேரி மேட்டுப்பாளையம் லாரி முனையம் பக்கம் ஒரு பம்பு பட்டறையில் டெஸ்டரில் வைத்தோம். மூன்று நன்றாகப் பனிபோல் தூவின. ஒன்று சொட்டியது, முனையில் துரு. அதை மாற்றினேன். பம்பைப் பிரிக்கத் தேவைப்படவில்லை. பம்புக்குள் மேலும் கீழும் ஓடும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் உறையான பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. அதற்கு டீசலே எண்ணெய். அந்த இடத்தில் தண்ணீர் வந்தால் வழுவழுப்பு போகும், நின்ற வண்டியில் துரு பிடித்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீரோடு கலக்கும் ஸ்பிரிட்டை டேங்கில் ஊற்றச் சொல்லும் யோசனையை நான் ஏற்காததும் இதனால்தான். கீழே தேங்கி நின்ற தண்ணீரைக் கலக்கி, ஃபில்டரைத் தாண்டி பம்புக்கே அனுப்பும் வேலை அது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் ஓடும் காமன் ரெயில் வண்டிகளில் செலவு பல மடங்கு ஆகும். டாஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தால் அந்த வண்டிக்காரர்கள் அன்றைக்கே ஃபில்டரை வடிக்க வேண்டும்.

கூடுதலாக ஒன்று சேர்த்தேன். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே, அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ள வாட்டர் செபரேட்டர். பம்புக்குப் பின்னால் வைத்தால் பம்பு அடித்துப் பொடியாக்கிய துளிகளைப் பிரிப்பது கஷ்டம், முன்னால் வைத்தால் பெரிய துளியாகவே இறங்கிவிடும். ஆனால் அது உறிஞ்சும் பக்கம். வாஷர் சரியாக உட்காராவிட்டால் டீசல் கசியாது, காற்று உள்ளே போகும். எல்லா செப்பு வாஷரும் புதிதாகப் போட்டேன். ஃபில்டர் தலையின் ஸ்குரூவைத் தளர்த்தி, கையால் அடிக்கும் பிரைமர் பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஏர் எடுத்தோம். அடுத்து பம்பு ஸ்குரூ. கடைசியாக நாசில் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் புகை, பிறகு ஐடில் சீரானது.

அதற்குப் பிறகு கார்த்திகையில் விடாமல் பெய்த மழையில் வண்டியை வேண்டுமென்றே திறந்தவெளியில் விட்டேன். செபரேட்டர் கிண்ணத்தில் தண்ணீர் இல்லை. டிரெய்ன் பிளக்கில் பிடித்ததிலும் பவுடர் கரையாமல் அடியில் கிடந்தது. மீதி இருப்பது மூடி வாஷரும், டேங்க் மூச்சுக் குழாயைச் சேஸிஸுக்கு மேலே தூக்கி வளைத்துக் கட்டுவதும். அது பொங்கல் லீவுக்கு.