மறுவீட்டுச் சொதியில் எறும்பு

மாப்பிள்ளையின் பெரியத்தை இலையிலிருந்து எதையோ விரல் நுனியில் ஒட்டி எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். "சொதிக்குள்ள எறும்பு கிடக்கே" என்றார். அந்த வரிசை முழுக்கக் கை நின்றுவிட்டது. தேங்காய்ப்பாலில் வைக்கிற குழம்பு, அதுவும் மறுவீட்டுச் சொதி, அதில் எறும்பு என்றால் சும்மாவா? எங்கள் திருநெல்வேலிப் பக்கம் தாலி கட்டினதையே மறந்தாலும் மறப்பார்கள், சொதியில் ஒரு குறை இருந்தால் பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் பேச்சு ஓடும்.

அது எறும்பு இல்லை. கருஞ்சீரகம். அது அங்கே எப்படி வந்தது என்று எனக்கும் சித்திக்கும்தான் தெரியும். சமையல்காரர் தவசிப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர் அதற்கு முன்பே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தச் சொதிக்கு நான் பொறுப்பில்ல, ஆமா" என்று கொல்லைப்பக்கம் போய் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவிட்டார்.

எல்லாம் அந்தக் காசிப் பயணத்தால் வந்தது. சித்தி மகளுக்கு, அதாவது என் தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமான கையோடு கார்த்திகையில் கிளம்பினோம். சித்தப்பாவுக்கு முழங்கால், சித்திக்கு வாய், இரண்டையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டிப்போனவர்கள் நோட்டீஸிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'நம்ம ஊர்ச் சாப்பாடு'. சமையல் மாஸ்டர், அண்டா, கேஸ் அடுப்பு, புளி மூட்டை சகிதம்தான் பயணம். அமிர்தசரஸில் சாம்பார். ஹரித்துவாரில் சாம்பார். கங்கையின் நிறம்கூட ஊருக்கு ஊர் மாறியது, சாம்பார் மாறவில்லை. கூட வந்தவர்கள் எல்லாரும் "வட நாட்டுல வந்து இப்படி ஒரு சாம்பாரா!" என்று கண்கலங்கிச் சாப்பிட்டார்கள். சித்தி மட்டும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இதைத் திங்கதுக்குப் பாளையங்கோட்டையிலயே கிடந்திருக்கலாமே. இந்த ஊர்க்காரவுக என்னத்தைத் திங்காக, எப்படி வைக்காகன்னு பாக்காண்டாமா?"

அன்றையிலிருந்து கோயிலெல்லாம் சித்தப்பாவின் பொறுப்பு, அடுப்படியெல்லாம் சித்தியின் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

சித்திக்கு இந்தி ஒரு சொல் வராது. அதனால் என்ன? தமிழையே நிறுத்தி, சத்தமாகச் சொன்னால் எல்லாருக்கும் விளங்கும் என்பது அவள் கட்சி. "ஏளா, இதுல என்னத்தளா போட்ட?" என்று கேட்பாள், அந்தப் பெண் அவள் பாஷையில் பத்து நிமிஷம் சொல்வாள், சித்தி தலையாட்டிக்கொண்டே வந்து என்னிடம் அளவு சொல்வாள். எப்படி என்று கேட்டால் "பார்த்தாத் தெரியாதா" என்பாள். இதற்கென்றே பையில் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் உடன்குடிக் கருப்பட்டியும் வைத்திருந்தாள். வாசலில் நின்று முதலில் அதைக் கொடுப்பது. அடுத்து, யாரும் கேட்காமலேயே கீழே உட்கார்ந்து காய் நறுக்க ஆரம்பிப்பது. காய் நறுக்குகிறவளை எந்த வீட்டுக்காரியும் வெளியே போகச் சொல்லமாட்டாள். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அமிர்தசரஸில் அந்தத் தந்திரம்கூடத் தேவைப்படவில்லை. பொற்கோயில் லங்கரில், அதாவது அங்கே உள்ள அன்னதானக் கூடத்தில், தலையை மூடிக்கொண்டு போனால் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சப்பாத்தி தேய்க்கலாம், பூண்டு உரிக்கலாம், பாத்திரம் கழுவலாம். சப்பாத்திக்கு மிஷினே இருக்கிறது, இருந்தாலும் கையால் தேய்க்கிற கூட்டம் தனியாக இருக்கிறது. சித்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தேய்த்த முதல் சப்பாத்தியைப் பார்த்ததும் பாட்டி சித்தியின் மணிக்கட்டில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டினார். கல்யாணமாகி வந்ததிலிருந்து சித்தியின் கையை அப்படித் தட்ட எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. பாட்டி சித்தியின் கைமேல் தன் கையை வைத்து, நடுவை அமுக்காமல் ஓரத்தில் மட்டும் கட்டையை ஓட்டிக் காட்டினார். மாவு தானாகச் சுற்ற ஆரம்பித்தது. சித்தி வாயைத் திறக்கவே இல்லை. அந்தப் பயணத்திலேயே அவள் வாயைத் திறக்காத இடம் அது ஒன்றுதான். பிறகு பந்தியில் பருப்பைத் தொட்டு நக்கிவிட்டு, "உளுந்தைத் தொலியோட போட்டிருக்காக. நம்ம உளுந்தஞ்சோத்துக்கு ஒண்ணுவிட்ட அண்ணந்தம்பி" என்றாள்.

காசியில்தான் வினை. படித்துறைப் பக்கம் ஒரு சந்தில், சமையல் சொல்லித் தரப்படும் என்று இங்கிலீஷில் ஒரு போர்டு. எட்டிப் பார்த்தால் ஒரு வெள்ளைக்காரப் பெண் மூக்கில் மாவோடு பூரி தேய்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரித்தோம். ஆயிரத்து ஐந்நூறு ரூபாயாம். ஒரு வேளைக்கு. சித்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆயிரத்து ஐந்நூறா? நான் உங்க சித்தப்பாவைக் கட்டுன நாளையிலருந்து ஆக்கிப் போடுதேன். மாமியாருக்கு, நாத்தனாருக்கு, வந்தவுக போனவுகளுக்கு. அந்தப் போன்ல கணக்குப் போடுளா."

போட்டேன். சித்தப்பா அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு, காசியில் செத்தால் முக்தி என்கிறார்களே, அது இன்றைக்கே கிடைக்குமா என்று கேட்டார்.

கயையில், இனிமேல் தொடுவதில்லை என்று காய் விடச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு காய், ஒரு பழம், ரொம்பப் பிடித்ததாகப் பார்த்து. சித்தப்பா பக்தியோடு கண்ணை மூடி, "கொத்தவரங்காய்" என்றார். "அதை இவுக தொட்டதே கிடையாது, பொய் சொல்லுதாக" என்று சித்தி அங்கே சடங்கு செய்துவைத்த பண்டாவிடம் தமிழிலேயே புகார் கொடுத்தாள். அந்த மனுஷருக்கு என்ன விளங்கியதோ, இன்னொரு காயும் சொல்லச் சொன்னார்.

கொல்கத்தாவில் காளிகாட் போனோம், கும்பிட்டோம், அவ்வளவுதான் சித்தப்பாவுக்கு ஞாபகம். சித்தி தங்கியிருந்த விடுதிக்காரரின் மனைவியைப் பிடித்துக்கொண்டாள். மற்ற ஊரில் எல்லாம் ஒரு அப்பளக் கட்டோடு முடிந்தது, அங்கே கருப்பட்டி மொத்தத்தையும் இறக்கிவிட்டாள். எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. கடுகெண்ணெயை முதலில் புகைய விட்டு, அந்த நெடி அடங்கியபிறகுதான் எதையும் போட வேண்டும். வெந்தயம், சீரகம், கருஞ்சீரகம், கடுகு, சோம்பு ஐந்தையும் பொடிக்காமல் முழுசாகக் கலந்து தாளிக்கிற பாஞ்ச் போரன். சித்தி நோட்டே போட்டு எழுதிக்கொண்டாள். ஒடிசாவில் பூரி ஜகந்நாதர் கோயில் மடைப்பள்ளிக்குள் வெளியாட்கள் போக முடியாது. சட்டிமேல் சட்டி அடுக்கிச் சமைக்கிறார்கள், உருளைக்கிழங்கும் தக்காளியும் உள்ளேயே சேர்ப்பதில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வெளியே ஒரு கடையில் டால்மா வாங்கிச் சாப்பிட்டாள். பருப்பு, வாழைக்காய், பூசணிக்காய், மேலே தேங்காய்ப்பூ. "அரிசி போட மறந்த கூட்டாஞ்சோறு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இன்னொரு தொன்னை வாங்கினாள்.

ஊர் வந்து சேர்ந்தபிறகு பட்டபாட்டைச் சொன்னால் மாளாது. காசியில் பாலைக் காய்ச்சி ராத்திரிப் பனியில் வைத்து, விடிகாலையில் கடைந்து நுரையை மட்டும் எடுத்து மலாய்யோ என்று மண்கிண்ணத்தில் தருகிறார்கள். குளிர்காலத்தில்தான் கிடைக்கும். சித்தி மார்கழிதானே என்று மொட்டைமாடியில் பால் வைத்தாள். பாளையங்கோட்டைப் பனிக்கு அவ்வளவு சக்தி ஏது? பனி விழவில்லை, கொசு விழுந்தது. அவியலில் கடுகெண்ணெய் ஊற்றிய அன்றைக்குச் சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். அவர் ரிட்டயராகிப் பல வருஷமாகிறது.

சரி, சொதிக்கு வருகிறேன்.

தேங்காயை மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காயை வேகவிட்டு, பாசிப்பருப்பைச் சேர்த்து, கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதிக்கும் முன்னே இறக்கியாயிற்று. எலுமிச்சம்பழமும் பிழிந்தாயிற்று. தவசிப்பிள்ளை தாளிக்கக் கரண்டியைத் தேடினால், கரண்டி சித்தி கையில். அதற்குள் பாஞ்ச் போரன் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. அவர் தடுப்பதற்குள் சுர்ரென்று சொதியில் இறங்கிவிட்டது. இதுதான் அந்த எறும்பின் பூர்வோத்திரம்.

பந்தியில் எல்லாரும் சித்தியைப் பார்த்தார்கள். சித்தி வாளியைக் கீழே வைத்தாள்.

"எறும்பு இல்ல மைனி, கருஞ்சீரகம். நான்தான் போட்டேன். மாப்பிள்ளைக்கு வேலை கொல்கத்தாவுல. இவ அங்க போயி என்னத்தை வச்சுக் குடும்பம் நடத்துவா? வெந்நி போடவே தெரியாது. அங்க கிடைக்க சாமானை வச்சு நம்ம சொதி வருமான்னு பாத்தேன். வருது. அதான்."

கடைசி 'அதான்' சரியாக வெளியே வரவில்லை. தங்கச்சி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இஞ்சிப் பச்சடிமேல் கண்ணீர் விழுந்திருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும், அதற்குள் மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"அத்தை, அங்க லேக் மார்க்கெட்னு ஒரு இடம் இருக்கு. நம்ம ஆளுக கடை இருக்கு. முருங்கைக்காய், அப்பளம், காப்பிப்பொடி எல்லாம் கிடைக்கும்."

சித்தி அவரையே பார்த்தாள். ஒரு நோட்டு முழுக்க எழுதியது, கொட்டிக் கொடுத்த கருப்பட்டி, கடுகெண்ணெய்ப் புகை எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. "இதை நிச்சயத்துக்கு வந்தப்பவே சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலையே அத்தை. அங்க சமையல் நான்தான். சொதி மட்டும் எனக்குத் திரிஞ்சு திரிஞ்சு போகுது."

அவ்வளவுதான். இலையை மடக்கக்கூட விடவில்லை, கையைக் கழுவச்சொல்லி மறுவீட்டு மாப்பிள்ளையை அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பெரியத்தை நெஞ்சில் கைவைத்தபடி இருந்தார். உள்ளே மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. கூடவே, "முதப்பாலை ஊத்துனதும் கிண்டக்கூடாது, அடுப்பைச் சிம்மு பண்ணுங்க" என்று சித்தியின் குரல். தங்கச்சி நிம்மதியாக இன்னொரு கரண்டி சொதி வாங்கிக்கொண்டாள்.

சித்தப்பா என் பக்கம் சாய்ந்தார். "ஏட்டி, என் தலையில மட்டும் வேளைக்கு ஆயிரத்து ஐந்நூறு பாக்கின்னு எழுதி வச்சிருக்கா. இவருக்குச் சும்மாவே சொல்லிக் குடுக்கா பாத்தியா?"