மந்திர நாட்டுக்கு வரும் புதியவனுக்கு யார் பாடம் எடுப்பது?

மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல் எழுத உட்காரும் பலர் முதலில் வரைபடம் போடுகிறார்கள், அடுத்து அரச வம்சாவளி. அதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வெளியிலிருந்து ஒருவன் வந்து சேர்கிறான். அவனுக்கென்றே ஒரு தாடிக்காரக் கிழவர் காத்திருக்கிறார். அடுத்த இருபது பக்கம் பாடம் நடக்கும். வாசகர் புத்தகத்தை மூடிவைப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

புதியவனுக்குத் தேவை கேள்வி அல்ல, தொழில். கணக்கெழுதுபவன் என்று வைத்துக்கொள்வோம். எல்லையோரத் தானியக் களஞ்சியத்தில் கூலிக்கு ஏடு எழுத அமர்கிறான். வந்த மூட்டைக்கும் போன மூட்டைக்கும் கணக்கு உதைக்கிறது. நாட்டில் கோளாறு என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கிணறு வெட்டுபவனாக இருந்தால், ஈரம் இருக்க வேண்டிய ஆழத்தில் புழுதியைப் பார்ப்பான். எந்தத் தொழிலும் தெரியாத இளைஞன் வந்தால், கதையை நகர்த்த ஒரு பழைய தீர்க்கதரிசனத்தைத்தான் இழுத்துவர வேண்டியிருக்கும். அதைவிடச் சோம்பலான உத்தி இந்த வகைமையில் இல்லை.

அடுத்தது நாட்டின் நெருக்கடி. ‘தீய சக்தி எழுகிறது’ என்பது நெருக்கடி ஆகாது. மந்திரத்துக்கு ஒரு விலை வையுங்கள். அந்த விலையைக் கொடுப்பவர் ஒருவர், பலனை அனுபவிப்பவர் வேறொருவர் என்று ஆக்குங்கள். தலைநகரில் வரவழைக்கும் ஒவ்வொரு மழையும் எல்லைப் பள்ளத்தாக்கில் பெய்யாமல் போன மழை என்று வைத்தால் வரி, பஞ்சம், கலகம், அரசவைப் பொய் எல்லாம் அந்த ஒரே விதியிலிருந்து கிளைக்கும். ஐந்தாறு மந்திர விதிகளை அடுக்குவதைவிட, ஒன்றை அதன் கடைசி விளைவுவரை துரத்திப் போவது மேல்.

துரத்துவதற்குச் சாதாரணக் கூட்டல் பெருக்கல் போதும். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக்கிலோ தானியம் என்றால், 20,000 பேர் வாழும் நகரத்துக்குத் தினம் 10 டன் வேண்டும். மாட்டுவண்டிக்கு 500 கிலோ என்று கொண்டால் தினம் 20 வண்டிகள். ஒரு கணவாய் பத்து நாள் அடைபட்டால் 200 வண்டிகள் வரவில்லை. இப்போது ‘முற்றுகை’ என்ற சொல்லுக்கு எடை வந்துவிடுகிறது. அதே நாட்டில் பொருளை நொடியில் இடம் மாற்றும் மந்திரம் இருந்தால் இந்த நெருக்கடியே இல்லை. மூன்றாம் அத்தியாயத்தில் வேடிக்கைக்காகச் சேர்த்த மந்திரம் முப்பதாம் அத்தியாயத்தைக் கவிழ்ப்பது இப்படித்தான். புது மந்திரம் ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் வணிகன், திருடன், படைத்தலைவன் மூவரும் அதை வைத்து மறுநாள் காலை என்ன செய்வார்கள் என்று எழுதிப் பாருங்கள்.

தூரத்துக்கும் இதே கணக்குதான். நடப்பவன் நாளுக்கு 25 கி.மீ. போவான். ஒரே குதிரையில் நீண்ட பயணம் போகிறவன் 40, 50 கி.மீ. குதிரை மாற்றி மாற்றி விரையும் தூதன் 150 கி.மீ. தாண்டிவிடுவான். தலைநகரம் 300 கி.மீ. தள்ளி என்றால் புதியவன் நடந்துபோய்ச் சேர 12 நாள். அவனைப் பற்றிய சேதி போக இரண்டே நாள். அவனை எதிர்பார்த்து ஆள் நிற்பதற்கு ஞானதிருஷ்டி எதுவும் வேண்டாம்.

பிறகு, ஓர் அட்டவணை. அத்தியாயவாரியாக மூன்று கட்டம்: அவனுக்கு என்ன தெரியும், எதைத் தவறாக நம்புகிறான், அதைச் சொன்னவருக்கு அதில் என்ன ஆதாயம். மூன்றாவது கட்டம் காலியாகக் கிடந்தால் சொன்னவர் பாத்திரமல்ல, அறிவிப்புப் பலகை. வரி வசூலிப்பவரும், மகனைப் படைக்குப் பறிகொடுத்த தாயும், அரண்மனை மந்திரவாதியும் அதே வறட்சிக்கு மூன்று காரணம் சொல்ல வேண்டும். அவற்றில் ஒரு பொய்யையாவது அவன் பாதி நாவல்வரை நம்பட்டும், அதன்படி ஒரு முடிவெடுக்கட்டும், அது யாரையாவது காவு வாங்கட்டும். திருத்தும்போது விளக்க வரி ஒவ்வொன்றையும் அடித்துப் பாருங்கள். அவனுடைய அடுத்த முடிவு அப்போதும் புரிந்தால் அந்த வரி திரும்ப வர வேண்டாம்.

‘நான்’ என்று இறந்தகாலத்தில் சொல்லும் கதையில் ஒரு சிக்கல் உண்டு. சொல்பவனுக்கு முடிவுவரை தெரியும். தெரிந்ததை மறைக்கும்போது வாசகருக்கு ஏமாற்றப்பட்ட உணர்வு வரும். புதியவன் தோளுக்குப் பின்னால் நின்று படர்க்கையில் சொல்வது பாதுகாப்பு. அப்போது பெயரிடுவதிலும் ஒழுக்கம் வேண்டும். ‘ராணியின் மெய்க்காவலர்’ என்று யாராவது அவனிடம் சொல்லும்வரை அவர்கள் சாம்பல் அங்கி போட்டவர்கள்தான்.

தமிழில் எழுதுபவருக்குக் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது: நீ, நீர், நீங்கள். யார் யாரை எப்படி விளிக்கிறார்கள் என்பதிலேயே படிநிலை முழுவதும் வந்துவிடும். புதியவன் தவறான ஆளிடம் ‘நீ’ போடட்டும். சபை அமைதியாவதைக் காட்டினால் போதும், சாதி, பதவி, பகை பற்றிய இரண்டு பக்கம் மிச்சம். ஆனால் அரசவையில் எல்லோரையும் செந்தமிழில் முழங்கவிடாதீர்கள். சமையல்கட்டுக்கும் சபைக்கும் பேச்சு மாறினால்தான் புதியவனின் காது எதையாவது பிடிக்கும்.

பெயர் சூட்டும்போது ஐ, உக்கு, இல் சேர்த்து உரக்கச் சொல்லிப் பாருங்கள். ‘த்ராக்ஷ்’ நன்றாயிருக்கிறதே என்று வைத்துவிட்டு, நானூறு பக்கம் ‘த்ராக்ஷுக்கு’, ‘த்ராக்ஷிடம்’ என்று எழுதும்போது வலி தெரியும். ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு முக்கியப் பெயர்கள் வேண்டாம். முதல் அத்தியாயத்தில் நாலைந்து பெயருக்கு மேல் எந்த வாசகர் தலையிலும் நிற்காது.

புதியவன் தன் ஊருக்குத் திரும்பிப் போகும் வழி ஒன்று இருக்குமானால், அதன் விலையைப் பாதி நாவலுக்கு முன்பே காட்டிவிடுங்கள். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று திறக்கும் வாசலை யாரும் நம்புவதில்லை.