ரேடியோ மாட்யூலுக்கு ஈடிஏ வாங்கிய அனுபவம்

தென்னந்தோப்பில் கிணறு ஒரு மூலையில் இருக்கும், வீடு இன்னொரு மூலையில் இருக்கும். நடுவில் போன் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. வீட்டிலிருந்தபடியே மோட்டாரைப் போடவும் நிறுத்தவும், குறைந்த பவரில் வெகுதூரம் பேசும் லோரா ரேடியோ வைத்த கன்ட்ரோலர் ஒன்றைக் கோவையில் சிறிய அளவில் செய்கிறோம். உள்ளே இருக்கும் ரேடியோ மாட்யூல் சீனாவிலிருந்து வருகிறது. அதைக் கொண்டுவந்து விற்க, மத்திய தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவு தரும் ஈடிஏ சான்று, அதாவது கருவி வகைக்கான ஒப்புதல், வேண்டும். அதற்கு ரேடியோவைச் சோதித்த ரிப்போர்ட்டையும் ஏற்ற வேண்டும்.

முதலில் ஒரு கன்சல்டன்டிடம் கேட்டோம். மாடலுக்கு அரசுக் கட்டணம் 10,000 ரூபாய்தான். அவர் கேட்டது அதைப்போலப் பல மடங்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "கம்பெனிக்காரன் தர்ற ரிப்போர்ட் எதுவா இருந்தாலும் சரி, ஏத்திடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு அவரை விட்டுவிட்டு, நாங்களே செய்வது என்று முடிவு செய்தோம்.

அப்படிச் சொன்னது ஏன் தப்பு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் லோரா ஓட்டுவதற்கென்று இருக்கும் முக்கியமான இடம் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை. முன்பு 867 வரைதான் இருந்தது, 2021 கடைசியில் ஒரு மெகாஹெர்ட்ஸ் நீட்டினார்கள். உரிமம் வேண்டாம் என்றாலும் வரம்பு உண்டு: டிரான்ஸ்மிட்டர் பவர் 1 வாட், ஆன்டெனா ஒரு திசையில் குவிப்பதையும் சேர்த்து வெளியே போவது 4 வாட், கேரியர் அகலம் (சிக்னல் அடைக்கும் இடம்) 200 கிலோஹெர்ட்ஸ்.

சப்ளையர் முதலில் அனுப்பியது அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசிக்காக எடுத்த ரிப்போர்ட். அதில் சோதித்திருந்தது 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ். அங்கே அது எல்லோருக்கும் திறந்த இடம். நம் நாட்டில் 890 முதல் 915 வரை மொபைல் போன்கள் டவரோடு பேசும் பாதை. அங்கே நம் கருவியை ஓட்டினால், டவரின் காதருகே நின்று கத்துவது மாதிரி. பக்கத்து ஊர்க்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் போடும் நேரத்தில் நம் மோட்டார் கன்ட்ரோலர் குறுக்கே நிற்கக் கூடாது. எனக்கு இதில் சமரசமே கிடையாது.

இதைச் சொன்னதும் ஐரோப்பிய ரிப்போர்ட் வந்தது. அட்டையில் "868" என்று பெரிதாகப் போட்டிருந்ததால் சரியாக இருக்கும் என்றுதான் தோன்றியது. உள்ளே சோதனை அட்டவணையைப் பார்த்தால் 868.1, 868.3, 868.5. மூன்றுமே நம் எல்லைக்கு வெளியே! பெரும்பாலான 868 மாட்யூல்கள் ஐரோப்பாவுக்கான இந்த அமைப்போடுதான் வருகின்றன. ஹார்டுவேர் ஒன்றுதான், எந்த அலைவரிசையில் பேசுவது என்பதை சாஃப்ட்வேர் தீர்மானிக்கிறது. லோரா கருவிகளின் நெட்வொர்க்குக்கான லோராவான் தரத்தில் இந்தியாவுக்கென்றே 865.0625, 865.4025, 865.985 என மூன்று அடிப்படைச் சேனல்கள் உண்டு. கருவிக்குள் ஓடும் சாஃப்ட்வேரை (ஃபர்ம்வேர்) அவற்றுக்கு மாற்றினோம். லோராவில் 125, 250, 500 கிலோஹெர்ட்ஸ் என்று அகலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நமக்கு 200தான் வரம்பு என்பதால் 125ஐ மட்டும் வைத்து மற்ற இரண்டையும் பூட்டிவிட்டோம்.

அப்புறம், ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் சோதனை. சுவரெல்லாம் கூம்பு கூம்பாக ஃபோம் ஒட்டிய அறை, நடுவில் சுழலும் மேஜை, அதன்மேல் தீப்பெட்டியைவிடச் சின்னதாக எங்கள் போர்டு. வெளியே திரையில் 865.4க்கு நேரே கூர்மையாக ஒரு மேடு எழுந்தது. இருபக்கமும் அமைதி. மாட்யூலின் உச்ச பவர் 22 டிபிஎம், அதாவது சுமார் 160 மில்லிவாட். 1 வாட் வரம்புக்கு வெகு கீழே. அங்கிருந்த பொறியாளர் ஹார்மானிக்ஸையும் (முக்கிய அலைவரிசையின் மடங்குகளில் எழும் வேண்டாத சிக்னல்கள்) ஒவ்வொன்றாகப் பொறுமையாகக் காட்டினார். பணம் கட்டி வாங்கியதில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது அந்த ரிப்போர்ட்தான்.

தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்கும் வேலை அதற்குப் பின் சுலபமாகவே முடிந்தது. நிறுவனப் பதிவு, கையெழுத்திடுபவருக்கான அதிகாரக் கடிதம், டேட்டாஷீட், சோதனை ரிப்போர்ட், கட்டணம். உரிம விலக்கு உள்ள கருவிகளுக்கு சுய உறுதிமொழி முறை 2019இல் வந்தது. அதில் ஈடிஏ-எஸ்டி என்று தொடங்கும் எண்ணோடு சான்று உடனே வந்துவிடுகிறது. இப்படி உடனே கிடைக்கிறதே என்று எந்த ரிப்போர்ட்டையும் ஏற்றிவிடலாம் என நினைப்பவர்கள், உறுதிமொழியில் கையெழுத்து யாருடையது என்பதைப் பார்க்க வேண்டும்.

நீங்களும் இந்த வேலையில் இறங்கினால் மாடல் எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ரிப்போர்ட், சான்று, இன்வாய்ஸ், மாட்யூலின் மேல் ஒட்டிய லேபிள், நான்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் வரும் ஒரு கோடும் எழுத்தும்கூட வேறு மாடலாகிவிடும். சப்ளையரிடம் முன்கூட்டித் தரும் புரோஃபார்மா இன்வாய்ஸை வாங்கும்போதே மாடல் எண்ணைத் திருத்தச் சொல்லிவிட்டோம், சுங்கத்தில் கேள்வி எழவில்லை.

அடுத்து, இந்தக் கருவிகளை இணையத்தோடு இணைக்கும் கேட்வே செய்யப் போகிறோம். அதற்கு ஈடிஏ மட்டும் போதாது, தொலைத்தொடர்புப் பொறியியல் மையமான டெக் நடத்தும் கட்டாயச் சோதனைப் பட்டியலில் ஐஓடி (இணையத்தோடு இணைந்த கருவிகள்) கேட்வேயும் இருக்கிறது. இந்த முறை போர்டை வரைவதற்கு முன்பே ஆய்வகத்தில் பேச ஆரம்பித்துவிட்டோம்.