ஆழியாறு முதல் கவர்க்கல் வரை: வெப்பமானியோடு இரண்டு பயணம்

ஆடி மாதம் வால்பாறையில் மழை கொட்டும்போது மலைக்கு இந்தப் பக்கம் ஆழியாற்றில் வெயில் அடிக்கும். பள்ளியில் 'மழை மறைவுப் பிரதேசம்' என்று மனப்பாடம் செய்ததுதான். அதை அளந்தே பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

மீன் தொட்டிக்கு வைக்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கினேன். காற்றழுத்தம் காட்ட என் போனிலேயே உணரி இருக்கிறது. முதல் பயணம் வீண். வெப்பமானியின் முனையை பைக் ஹேண்டில்பாரில் கட்டியிருந்தேன். வண்டியை நிறுத்தினால் என்ஜின் சூடு மேலேறி மூன்று டிகிரி கூட்டிக் காட்டியது. அடுத்த முறை வெள்ளை ஐஸ்கிரீம் கப்பைக் கவிழ்த்து, முனையை அதற்குள் தொங்கவிட்டேன். ஒவ்வொரு இடத்திலும் வண்டியிலிருந்து இருபது அடி தள்ளி, நிழலில் ஐந்து நிமிடம் வைத்த பிறகுதான் குறித்துக்கொண்டேன்.

ஆழியாற்றில் 29.6 டிகிரி, 973 மில்லிபார். வால்பாறை போகும் மலைப்பாதையில் உள்ள அட்டகட்டியில் 23.4, 903. அழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 650 மீட்டர் ஏற்றம், 6.2 டிகிரி இறக்கம். உலர்ந்த காற்று ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி மாறும் என்பதோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. அட்டகட்டி தாண்டியதும் மேகத்துக்குள் நுழைந்துவிட்டோம். அதே பாதையில் இன்னும் மேலே உள்ள கவர்க்கல்லில் 22.1. இன்னும் 260 மீட்டர் ஏறியும் குறைந்தது 1.3 டிகிரிதான்! நீராவி துளியாக மாறும்போது வெளிவிடும் வெப்பம் காற்றை அவ்வளவாகக் குளிரவிடுவதில்லை. கேரளப் பக்கம் ஏறும் காற்று இப்படி மெதுவாகக் குளிர்ந்து, மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் உலர்ந்த காற்றாக வேகமாகச் சூடேறி இறங்குகிறது. ஆழியாற்று வெயிலுக்கு அதுவும் ஒரு காரணம்.

எண்களைவிட மனதில் நிற்பது வேறு. கவர்க்கல்லில் அரை மணி நேரம் நின்றோம். மேற்கிலிருந்து மஞ்சு ஓடிவந்து முகத்தில் அறைந்தது. கண்ணாடியில் துளி கோத்தது, நோட்டு நமுத்துப்போனது. அவ்வளவு வேகமாக ஓடுகிற மேகம் கீழே ஆழியாறு வரை போயிருக்க வேண்டுமே? போகவில்லை. விளிம்பைத் தாண்டிச் சரிவில் கொஞ்ச தூரம் வழிந்ததும், ஒரே மட்டத்தில் கரைந்து காணாமல் போனது. கீழிருந்து பார்த்தபோது மலைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சுவர் இதுதான். மேகம் அங்கேயே நிற்கிறது, காற்று மட்டும் அதற்குள் புகுந்து வெளியேறுகிறது. இதைக் கண்ணால் பார்க்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

இறங்கியதும் ஆழியாற்றில் மறுபடி 29.3. சட்டை காய்ந்துவிட்டது. அடுத்து மார்கழியில், விடியற்காலையில் ஏறப்போகிறேன். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி, மேலே போகப் போக வெப்பம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும்.